தங்கம் கிடைக்காத ஊரில்

அரையாண்டு விடைத்தாள் கட்டு. ஒன்பதாம் வகுப்பு, சமூக அறிவியல். ஐரோப்பியர் அமெரிக்காவில் குடியேற்றங்களை நிறுவியதற்கான காரணங்கள் யாவை? ஐந்து மார்க். விடைக்குறிப்பில் மூன்று தலைப்பு: பொன், மதம், புகழ். தலைப்புக்கு ஒவ்வொன்று, விளக்கத்துக்கு இரண்டு. பத்தொன்பது வருடமாக நானும் அதைத்தான் போர்டில் எழுதிப் போடுகிறேன். பிள்ளைகள் அப்படியே திருப்பித் தருவார்கள். டிக் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடலாம்.

அன்று ஒரு தாளில் கை நின்றது. மூன்றையும் எழுதிவிட்டு, கீழே பென்சிலால் ஒரு வரி சேர்த்திருந்தான் அந்தப் பையன்: 'தங்கம் கிடைக்காத ஊரில் ஏன் சார் தங்கினார்கள்?' பரீட்சைத் தாளில் வாத்தியாரிடமே கேள்வி! சிரிப்பு வந்தது, பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஸ்பெயினுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 1545இல் தென் அமெரிக்காவின் பொட்டோசியில் வெள்ளி மலையே அகப்பட்டது. வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய வர்ஜீனியாவின் கதை வேறு. 1607இல் அங்கே ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்களை அனுப்பியது, லண்டனில் பலர் பங்கு போட்டு நடத்திய ஒரு கம்பெனி. போட்ட பணம் திரும்ப வேண்டுமே. மறு வருடமே பளபளக்கும் மண்ணைத் தங்கம் என்று நம்பிக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். லண்டனில் சோதித்தால் வெறும் மண். 1609 குளிர்காலத்தில் பட்டினியிலும் நோயிலும் முக்கால்வாசிப் பேர் செத்தார்கள்.

காப்பாற்றியது புகையிலை. 1612 வாக்கில் குடியேறியவர்களில் ஒருவரான ஜான் ரால்ஃப் பயிரிட்டுப் பார்த்தார். ஐந்தே வருடத்தில் ஜேம்ஸ்டவுன் தெருவிலும் சந்தைத் திடலிலும்கூட அதை நட்டிருந்தார்கள். அது மண்ணை உறிஞ்சிவிடும் பயிர். சில போகத்தில் புது நிலம் வேண்டும். நிலமோ அங்கே முன்பே வாழ்ந்த பவ்ஹாட்டன் பழங்குடி மக்களுடையது. வேலைக்கு ஆளும் வேண்டும். கப்பல் கூலிக்காகப் பல வருடம் உழைக்க ஒப்பந்தம் எழுதிக்கொடுத்த இங்கிலாந்து ஏழைகளோடு, 1619இல் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களும் வந்து சேர்ந்தார்கள். 1624இல் கம்பெனியே கலைந்தது. குடியேற்றம் மன்னர் கைக்குப் போய் நிலைத்துவிட்டது. வந்த காரணம் வேறு, தங்கிய காரணம் வேறு. எனக்கே அப்போதுதான் உறைத்தது.

தாள் கொடுத்த அன்று பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இதைத்தான் சொன்னேன். கடைசி பெஞ்சுகூட கேட்டது.

"அப்ப இதை எழுதினா மார்க் உண்டா சார்?" என்றான் அவன்.

"முதல்ல அந்த மூணையும் எழுதிடு," என்றேன்.