கதைச்சுருக்கம் எழுதி அரியர் வைத்த கதை

முதுகலை சினிமா படிப்பில் எனக்கு விழுந்த முதல் அரியருக்குக் காரணம், ழான் ரெனுவார் 1937-ல் எடுத்த பிரெஞ்சுப் படம் 'லா கிராந்த் இல்யூசியோன்'. போர்க் கைதிகள் நடுவே வர்க்கப் பிரிவினை எப்படி வெளிப்படுகிறது என்பது 15 மார்க் கேள்வி. முதல் உலகப் போர், ஜெர்மானியரிடம் பிடிபட்ட பிரெஞ்சு அதிகாரிகள், சுரங்கம், கோட்டை, தப்பி ஓடுவது என்று நான்கு பக்கம் கதை எழுதினேன். கிடைத்தது 5.

அரியருக்காக மறுபடி பார்த்தபோது ஒன்றை மட்டும் கவனித்தேன்: யார் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள்?

கோட்டையின் ஜெர்மன் தளபதி ராஃபென்ஸ்டைன், கைதியான பொயல்தியூ இருவரும் பிரபுக்கள். தனியே பேசும்போது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். சக கைதிகள் தப்புவதற்காகக் காவலர்களைத் திசைதிருப்பி, புல்லாங்குழலோடு உச்சியில் நிற்கிறான் பொயல்தியூ. இறங்கி வரும்படி தளபதி கெஞ்சுவதும் ஆங்கிலத்தில்தான். சுற்றி நிற்கும் வீரர்கள் யாருடைய மொழியும் அல்ல அது. அதே ஆங்கிலம் தெரியாமல் இன்னொருவன் திண்டாடும் காட்சி முன்பே வந்துவிடும். முன்னாள் மெக்கானிக் மரெஷால், முகாம் மாறும் நேரத்தில், உள்ளே வரும் ஆங்கிலேய அதிகாரியிடம் தாங்கள் தோண்டிய சுரங்கத்தைப் பற்றிச் சொல்லத் தவிக்கிறான். அந்த ஆளுக்குப் பிரெஞ்சு புரியவில்லை. அத்தனை நாள் தோண்டியதும் வீண். இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதி விடை தயார்.

இன்னொரு காட்சியையும் விடாதீர்கள். அறையைச் சோதனை போடும் தளபதி, பொயல்தியூவின் இடத்தை மட்டும் சோதிக்காமல் வாக்குக் கேட்கிறார். "என்னிடம் மட்டும் ஏன்?" என்கிறான் அவன். சக கைதிகளான ஒரு ரோசந்தால், ஒரு மரெஷாலின் வாக்கை எப்படி நம்புவது என்பது அவர் எண்ணம். தப்பிப்பதற்கான கயிறோ ஜன்னலுக்கு வெளியே தொங்குகிறது!

வரலாற்றுப் பகுதிக்கு இரண்டு வரி போதும். ரெனுவார் தானே அந்தப் போரில் விமானியாக இருந்தவர். நாஜி ஜெர்மனி படத்தைத் தடை செய்தது. அதற்கு மேல் எழுதினால் நேரம்தான் போகும். தளபதி கோட்டையில் வளர்க்கும் ஜெரேனியப் பூச்செடியைப் பற்றி எழுதலாம், ஆனால் எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள், திருத்துகிறவரும் மனிதர்தானே. பெயர்களை மட்டும் நாலு முறை எழுதிப் பழகிக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை ராஃபென்ஸ்டைனை மூன்று விதமாக எழுதியிருந்தேன்.

கடைசியில் 'நட்பு எல்லைகளைக் கடந்தது' என்று முடிக்க ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் தப்பித்த பிறகு பனியில் நடக்கும் காட்சியைப் பாருங்கள். கால் சுளுக்கிய யூதன் ரோசந்தால்மீது மரெஷால் எரிந்து விழுகிறான், யூதர்களையே தனக்குப் பிடிக்காது என்று கத்திவிட்டுப் போயே விடுகிறான். அத்தனை நாள் ரோசந்தாலின் வீட்டுப் பார்சலில் வந்த சாப்பாட்டைத்தான் எல்லோரும் சாப்பிட்டார்கள். தனியே உட்கார்ந்த ரோசந்தால் ஒரு குழந்தைப் பாட்டை உரக்கப் பாடுகிறான். பொயல்தியூ புல்லாங்குழலில் வாசித்த அதே பாட்டு. கொஞ்ச தூரம் போன மரெஷாலும் அதையே முணுமுணுக்கிறான், நிற்கிறான், திரும்பி வருகிறான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அரியர் விடைத்தாளை நான் இந்தக் காட்சியில் நிறுத்தினேன். 11 வந்தது.