சிலம்பப் பட்டறைக்கு வெளிநாடு போகிறீர்களா? டிக்கெட் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து என்று மூன்று நாடுகளில் சிலம்பப் பட்டறை நடத்திவிட்டு நானும் என் ஆசானும் சமீபத்தில்தான் ஊர் திரும்பினோம். கம்பு கையில் இருந்த நேரம் முழுக்க மனம் நிறைவாக இருந்தது. கம்பைப் பிடிக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்ற பிறகு, எனக்குத் தெரிந்த பல வாத்தியார்களுக்கு வெளியிலிருந்து விசாரிப்புகள் வருகின்றன. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் அழைப்பு மலேசியாவிலிருந்து வந்தது. அழைத்தவர் ஒரு பயிற்சிக்கூடம் நடத்துகிறவர். விசா பற்றிக் கேட்டதும், "ஒன்னும் பிரச்சனை இல்ல மாஸ்டர், டூரிஸ்டா வந்துருங்க, எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க" என்றார். இந்த வாக்கியத்தைக் கேட்டால் உடனே உஷாராகிவிடுங்கள். இந்தியர்கள் 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம் என்பது உண்மைதான். ஆனால் அது சுற்றிப் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் தரப்படும் சலுகை. கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்கப் போகிறவருக்கு அது பொருந்தாது. பயிற்சி நடக்கும்போது சோதனை வந்தால் அழைத்தவர் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். திருப்பி அனுப்பப்படுவதும் மறுபடி உள்ளே வர முடியாமல் தடையாவதும் நாம்தான்.

நமக்கு வேண்டியது 'பாஸ் லாவாத்தான் இக்தீசாஸ்' என்ற தொழில்முறை வருகை அனுமதி. இதற்கு நாம் இங்கிருந்து விண்ணப்பிக்க முடியாது. அங்கே பதிவு பெற்ற நிறுவனமோ அமைப்போ, நாம் கிளம்புவதற்கு முன்பே, குடிநுழைவுத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். இதை எடுத்துச் சொன்னதும் "சரி, போட்டுடறேன்" என்றார். அடுத்த வாரம் "போட்டாச்சு" என்றார். விண்ணப்ப எண்ணைக் கேட்டால் மட்டும் பதில் வராது. இதற்குள் எங்கள் இருவர் படத்தையும் போட்டு அங்கே விளம்பரம் ஒட்டி, பிள்ளைகளிடம் பணமும் வசூலித்துவிட்டார். கடைசியில் தெரிந்தது, விண்ணப்பமே போகவில்லை. ஒப்புதல் கடிதம் கையில் வராமல் விமானம் ஏற மாட்டோம் என்று சொன்னேன். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கோபித்துக்கொண்டார். அந்தப் பட்டறை அப்படியே நின்றது. பணம் கட்டியிருந்த பெற்றோர் சிலர் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்கள். அதுதான் எனக்கு அதிக வலி.

மலேசியாவிலேயே ஈப்போ நகரில் இருக்கும் வேறொரு குழு விஷயம் கேள்விப்பட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. அவர்கள் விண்ணப்பித்த அன்றே எண்ணை அனுப்பினார்கள், ஒப்புதலும் சிக்கலில்லாமல் வந்தது. முறையாகச் செய்கிறவர்களுக்கு இது பெரிய வேலையே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

ஆனால் அந்த விண்ணப்பத்துக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். என்னிடம் சான்றிதழ்கள் இருந்தன. ஆசானிடம் எதுவுமே கிடையாது. அவர் தன் மாமாவிடம் ஆற்று மணலில் காலடி பழகியவர். அந்தக் காலத்தில் யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? வணக்கம் சொல்லி, குருவின் கையால் கம்பை வாங்கினால் அதுதான் பட்டம். மாவட்ட அளவில் ஒரு சங்கத்தில் கடிதம் கேட்டுப் போனோம். அங்கே இருந்த எழுத்தர் ஆசானை நிற்க வைத்தே, "எந்த வருஷம் பரீட்சை எழுதுனீங்க பெரியவரே?" என்று கேட்டார். இவரிடம் படித்தவர்களிடம் படித்த பையன்கள்தான் இன்று அந்தச் சங்கத்தின் போட்டிகளில் நடுவர்களாக நிற்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். செயலாளர் போட்டிக்கு வெளியூர் போயிருக்கிறார், முத்திரை அவரிடம்தான் இருக்கிறது, பிறகு வாருங்கள் என்றார். பிறகு போனால் வேறு காரணம். ஆசான் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்த பிறகு, "விடு தம்பி, நீ மட்டும் போயிட்டு வா" என்றார். அப்படி விடுவதற்கா அவரிடம் கம்பு கற்றேன்?

கடைசியில் வழி கிடைத்தது இப்படித்தான். அவரிடம் படித்து, இன்று பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர்களாக இருக்கும் சிலர், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை இவரிடம் என்னென்ன கற்றோம் என்று தனித்தனியாகக் கையெழுத்திட்ட கடிதம் தந்தார்கள். பழைய கோயில் திருவிழா நோட்டீஸ்களில் 'சிலம்பம்' என்று போட்டு அவர் பெயர் அச்சாகியிருந்தது. அவற்றையும் சேர்த்து, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, நோட்டரியிடம் சான்று வாங்கி அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் செய்தி வந்தபோது ஆசானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டில் பழைய நோட்டீஸ், பத்திரிகைத் துணுக்கு, திருவிழாப் படம் ஏதாவது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். மூத்த ஆசான்களுக்கு அதுதான் ஆவணம்.

அடுத்த அடி புறப்பாட்டின்போது விமான நிலையத்தில். ஆசான் பத்தாம் வகுப்பு முடிக்காதவர், அதனால் அவருடைய பாஸ்போர்ட் ஈசிஆர் வகை, அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை என்று குறித்தது. வேலைக்காகப் போகும்போது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் 18 நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் தாய்லாந்தும் இருக்கின்றன. சிங்கப்பூர் இல்லை. ஒப்புதல் கடிதத்தில் 'தொழில்முறை' என்று பார்த்ததும் கவுன்டரில் இருந்த அதிகாரி எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார். குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி வாங்கினீர்களா என்றார். இது வேலைவாய்ப்பு இல்லை, வார இறுதிப் பட்டறை, திரும்பி வரும் டிக்கெட் இதோ என்றேன். அவர் கேட்கும் மனநிலையில் இல்லை. விமானத்துக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. எங்களைக் காப்பாற்றியது ஈப்போக்காரர்கள் தந்த அழைப்புக் கடிதம். பட்டறை நடக்கும் தேதிகள், இடம், தங்குமிடச் செலவு யாருடையது, இது குறுகிய காலப் பயிற்சி மட்டுமே, சம்பள வேலை அல்ல, முடிந்ததும் ஊர் திரும்புவார்கள் என்று எல்லாமே அதில் தெளிவாக இருந்தது. மேலதிகாரி ஒருவர் வந்து அதை வரிவரியாகப் படித்தார், ஆசானின் வயதைப் பார்த்தார், முத்திரை குத்தச் சொன்னார். கதவை மூடப் போகும் நேரத்தில் உள்ளே போய்ச் சேர்ந்தோம்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 50 வயது கடந்தவர்கள் பத்தாம் வகுப்பு முடிக்காவிட்டாலும் ஈசிஆர் இல்லாத பாஸ்போர்ட்டுக்குத் தகுதியானவர்கள். வருமான வரி கட்டுகிறவர்களுக்கும் அந்தத் தகுதி உண்டு. பழைய பாஸ்போர்ட் செல்லுபடியாகிறதே என்று இருந்துவிடாமல் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து அந்த ஈசிஆர் குறிப்பை நீக்கிவிடுங்கள்.

இனி கம்புக்கு வருகிறேன். நெற்றி உயரக் கம்பு என்றால் ஐந்தரை அடி, அதாவது சுமார் 168 செ.மீ. பல விமான நிறுவனங்களில் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினாலே 158 செ.மீ.தான் வரம்பு. நம் கம்பு படுத்த வாக்கிலேயே அதைத் தாண்டிவிடுகிறது. முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, விளையாட்டுச் சாமான் என்று கட்டணம் சொல்லிப் பதிலும் வாங்கியிருந்தேன். அப்படியும் செக்-இன் கவுன்டரில் "இது ஆயுதம், ஏற்ற முடியாது" என்றார்கள். கைப்பையோடு உள்ளே கொண்டுபோகத்தான் தடை, சரக்கில் போடலாம் என்று சொன்னேன். அந்த மின்னஞ்சலை அச்செடுத்து வைத்திருந்ததால் தப்பித்தேன். போனில் காட்டினால் "எங்களுக்கு வரலையே" என்று முடித்திருப்பார்கள். பிவிசி குழாய்க்குள் கம்புகளைப் போட்டு இரண்டு பக்கமும் மூடி போட்டுக் கொண்டுபோவது நல்லது. இறங்கும் இடத்தில் அந்தக் குழாய் பெட்டிகள் வரும் பட்டையில் வராது, பெரிய சாமான்களுக்கென்று இருக்கும் தனிக் கதவைக் கேட்டு அங்கே போய் நில்லுங்கள்.

சுருள்வாள், வாள் எதையும் எடுத்துப் போகாதீர்கள். சிங்கப்பூரில் அதற்கெல்லாம் காவல்துறை அனுமதி வேண்டும். மான்கொம்பு என்ற குட்டை ஆயுத விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பழைய ஆசான் வீடுகளில் நிஜமான வெளிமான் கொம்பு இருக்கும். வெளிமான் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் விலங்கு. அந்தக் கொம்போடு விமான நிலையத்துக்குள் கால் வைத்தால் பட்டறை போகட்டும், வழக்கில் மாட்டுவீர்கள். உலோகத்தில் செய்ததைக்கூட நாங்கள் எடுத்துப் போகவில்லை. பாடம் சொல்ல இரண்டு குட்டைக் கம்பே போதுமாக இருந்தது.

பயிற்சிக்கு வந்தவர்களுக்கான கம்புகளை அங்கேயே ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். மலேசியாவில் பிரம்புக்குப் பஞ்சமா? ஆனால் கடைக்காரர் கொண்டுவந்து இறக்கியது பச்சைப் பிரம்பு, பாதி வில்லாக வளைந்திருந்தது. வீசினால் முனை எங்கே போகும் என்று சொல்ல முடியாது, பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கண்ணில் படும். விடிந்தால் பட்டறை. ஆசான் சமையல்கட்டில் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார். எண்ணெய் தடவி, தீயில் உருட்டி உருட்டிச் சூடேற்றி, முழங்காலில் வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். நாங்கள் ஈரத் துணியால் துடைத்துச் சுவரோரம் கட்டி வைத்தோம். அந்த ஊர் இளைஞர்கள் தூங்கப் போகாமல் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். மறுநாள் சொல்லிக்கொடுத்த எந்த வீச்சையும்விட அந்த இரவுப் பாடம்தான் தங்களுக்குப் பெரிது என்று பிறகு சொன்னார்கள். ஆனாலும் உங்களுக்கு நான் சொல்வது, கம்பின் படத்தையும் தடிமனையும் முன்பே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சிங்கப்பூருக்கு ஜொகூர் பாருவிலிருந்து பேருந்தில் போனோம். மலேசியப் பக்கம் ஒருமுறை, உட்லண்ட்ஸ் பக்கம் ஒருமுறை என எல்லாச் சாமான்களோடும் இறங்கி ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்தில் ஐந்தரை அடிக் குழாயோடு படியேறியது கொடுமை. வேறு நாள் பாருங்கள். விசாவை உள்ளூர் முகவர் மூலம் முன்பே எடுத்திருந்தோம், 30 சிங்கப்பூர் டாலர், விசா மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பி வராது. அங்கே பயிற்சிப் பட்டறை நடத்த வேலை அனுமதிச் சீட்டு தேவையில்லை. உள்ளே போய் வருகை அனுமதி பெற்ற பிறகு, வகுப்பு தொடங்குவதற்கு முன், மனிதவள அமைச்சுக்கு இணையத்தில் அறிவித்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

பணம் பேசும்போது மட்டும் தெளிவாகப் பேசுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பயிற்றுநருக்குத் தரும் தொகையில் சிங்கப்பூரில் பொதுவாக 15 சதவீதம் வரி பிடிக்கப்படும். பேசிய தொகை பிடித்தத்துக்கு முன்பா பின்பா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வரி கட்டிய சான்றைக் கேட்டு வாங்கி வந்தால் இங்கே கணக்குத் தாக்கல் செய்யும்போது அதற்கான படிவம் மூலம் கழித்துக்கொள்ளலாம்.

தாய்லாந்தில் எல்லாம் சுமுகம். 15 நாளுக்குள் முடியும் அவசரப் பணிக்கு முன்கூட்டியே அறிவிக்கும் முறையில் பாங்காக் குழுவே எல்லாவற்றையும் முடித்து வைத்திருந்தது. வந்தவர்களில் கிராபி கிராபோங் என்ற தாய்லாந்து ஆயுதக் கலையைப் பயில்கிறவர்கள் பலர், நெடுங்கம்பு அவர்களுக்குப் புதிதல்ல. ஆசானுக்கும் அவர்களின் மூத்தவருக்கும் பொதுவான மொழி ஒன்றுகூடக் கிடையாது. காலடியை மாறி மாறி வைத்துக் காட்டியே மாலை முழுக்கப் பேசிக்கொண்டார்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. மூன்று நாடுகளுமே இப்போது இணைய வருகை அட்டை கேட்கின்றன. இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும், மூன்றுமே இலவசம். கட்டணம் கேட்கும் தளத்தைப் பார்த்தால் அது போலி, மூடிவிடுங்கள்.

ஆசானின் பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்தாயிற்று. ஈப்போக்காரர்களின் அழைப்புக் கடிதத்தைப் பெயர்களை நீக்கி மாதிரியாக வைத்திருக்கிறேன். கிளம்பப் போகிற வாத்தியார்கள் யாராக இருந்தாலும் கேளுங்கள், அனுப்புகிறேன்.