ஆஸ்பத்திரி காரிடாருக்குத் தரை போட்ட கதை

இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டியை ஸ்ட்ரெச்சரில் வைத்து எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் கூடவே நடந்தேன். பழைய டைல்ஸ் தரை. சக்கரம் ஒவ்வொரு இடுக்கில் ஏறி இறங்கும்போதும் அந்தப் பாட்டி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வார்டு உதவியாளர் எவ்வளவு மெதுவாகத் தள்ளியும் பலனில்லை. எங்கள் காரிடாரின் தரையை மாற்றியே ஆகவேண்டும் என்று நிர்வாகத்திடம் நான் பிடிவாதம் பிடித்தது அன்றைக்குப் பிறகுதான்.

ஆனால் அந்தக் காரிடார் வழியாகத்தான் அவசரப் பிரிவிலிருந்து ஸ்கேனுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் போகவேண்டும். பகலில் முழுவதுமாக மூடவே முடியாது. அதனால் விலைப்பட்டியல் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் "எத்தனை நாளில் போட்டு முடிப்பீர்கள்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டிருக்க வேண்டியது வேறு: "போட்ட பிறகு எத்தனை மணி நேரத்தில் அதன்மேல் கட்டில் ஓடலாம்?" இந்த இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று புரிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

மறுபடியும் டைல்ஸ் போட்டால் இடுக்கும் கூடவே வரும், அதனால் அது முதலிலேயே கழிந்துவிட்டது. எபாக்ஸி என்பது ஊற்றிப் பரப்பினால் இறுகிவிடும் பிசின். இணைப்பே இல்லாமல் வழுவழுவென்று வரும், ஆனால் போடும்போது வாடை வரும், முழு பலத்துக்கு இறுக ஒரு வாரம்வரை ஆகும். பக்கத்திலேயே வார்டு இருக்கும் இடத்தில் அது சரிவராது. ஒன்றோடொன்று கோத்துப் போடும் பலகைகள்தான் எல்லாவற்றிலும் வேகம். பசையே வேண்டாம், போட்ட உடனே நடக்கலாம். ஆனால் துடைக்கிற தண்ணீரும், சிந்துகிற ரத்தமும் அந்த இணைப்புகள் வழியாக அடியில் இறங்கினால் யார் எப்படிச் சுத்தம் செய்வது? அலுவலக அறைக்குப் போடலாம், காரிடாருக்குக் கூடாது. லினோலியம் ஆளி எண்ணெயில் செய்வது, எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் காரம் அதிகமுள்ள கிளீனர்களை அது தாங்காது. ரப்பர் ஷீட்டில் காலடிச் சத்தமே கேட்காது. இரவு நர்ஸுகள் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள், பட்ஜெட் இடம் தரவில்லை.

கடைசியில் 2 மி.மீ. கனமுள்ள, ஒரே கலவையாலான வினைல் (ஒருவகை பிளாஸ்டிக்) ஷீட் என்று முடிவானது. மேலே மட்டும் டிசைன் அச்சடித்த வகை அல்ல. மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம் என்பதால் கீறல் விழுந்தாலும் அடியில் வேறு நிறம் தெரியாது. இணைப்புகளைச் சூடாக்கி ஒட்டலாம், சுவரில் 10 செ.மீ. உயரத்துக்கு வளைத்து ஏற்றலாம். மூலை இல்லையென்றால் அழுக்கு தங்க இடமில்லை.

வாங்குவதற்கு முன் நாலு மாதிரித் துண்டுகளை வாங்கி, ராத்திரி முழுக்க ஒன்றின்மேல் காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடினும், இன்னொன்றின்மேல் கை கழுவும் சானிடைசரும் ஊற்றி வைத்தோம். காலையில் துடைத்தபோது வெளிர் நிறத் துண்டு ஒன்றில் மஞ்சள் கறை அப்படியே நின்றது. துப்புரவு வேலை பார்க்கும் அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது வேண்டாம் சார், தினமும் என் உயிர் போயிடும்" என்றார். அந்தத் துண்டை அப்போதே ஒதுக்கினோம். பளபளப்பானதும் வேண்டாம் என்றோம். பளபளக்கும் தரை வயதானவர்கள் கண்ணுக்கு ஈரமாகத் தெரியும், பயந்து பயந்து காலை வைப்பார்கள்.

உண்மையான நேரம் போனது அடித்தரையில். அதற்கு முந்தைய வருடம் ஓர் ஒப்பந்தக்காரர் குளியலறைப் பக்கம் கொஞ்ச தூரம் வினைல் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். மூன்றே மாதத்தில் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. காரணம், கான்கிரீட்டில் ஈரம். இந்த முறை ஈரமானி வைத்து அளந்தோம். கான்கிரீட்டின் ஒப்பு ஈரப்பதம் பொதுவாக 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் சாதாரணப் பசை நிற்கும். அதே இடத்தில் மட்டும் அதைத் தாண்டியிருந்தது. அங்கே ஈரத்தைத் தடுக்கும் எபாக்ஸிப் பூச்சு அடித்து அப்புறம்தான் மேலே போனோம். இதை அளக்காமல் "ஒன்றும் ஆகாது சார்" என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

வேலை முழுக்க இரவில்தான். இரவில் வெளிநோயாளிகள் கூடம் காலியாக இருக்கும், கட்டில்களை அந்த வழியாகத் திருப்பிவிட்டோம். காரிடாரை மூன்று பகுதியாகப் பிரித்தோம். முதல் ராத்திரி ஆடுகிற டைல்ஸைப் பெயர்த்து, பள்ளத்தை அடைத்து, சீக்கிரம் இறுகும் சமன்படுத்தும் கலவையை ஊற்றினோம். இரண்டு மூன்று மணி நேரத்தில் அதன்மேல் நடக்கலாம். விடிவதற்குள் மேலே பலகை விரித்துவிடுவோம். மறுநாள் ராத்திரி ஷீட். சாதாரணப் பசை என்றால் சக்கரம் ஓட 24 மணி நேரம் காத்திருக்கவேண்டும். அதனால் அவசரப் பிரிவு வாசலில் மட்டும், விலை கூடுதலானாலும், ஒட்டிய உடனே பாரம் தாங்கும் உலர் பசைப்படலம் வாங்கினோம். மற்ற இடங்களில் மறுநாள் பகலும் கட்டில்கள் சுற்றித்தான் போயின.

தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே இல்லை. டைல்ஸ் பெயர்க்கும் தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் இருக்கலாம், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. கூரைவரை பிளாஸ்டிக் திரை கட்டி, மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் வைத்த பிறகே சுத்தியலைத் தொடவிட்டார். ஒரு ராத்திரி அதனால் வீணானது, ஆனால் அவர் செய்ததுதான் சரி.

இணைப்பு ஒட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தரை போடுபவர் இரண்டு ஷீட் சேருமிடத்தில் ஒரு பள்ளக்கோடு கீறி, சூடான காற்றில் உருக்கிய வினைல் கம்பியை அதில் இறக்கினார். பிதுங்கி நின்றதை உடனே முழுக்கச் சீவவில்லை. பாதி சீவிவிட்டு, ஆறும்வரை காத்திருந்து, மிச்சத்தைத் தரைமட்டத்துக்குச் சீவினார். சூட்டிலேயே முழுக்கச் சீவினால் ஆறும்போது உள்வாங்கிக் குழிந்துவிடுமாம், அந்தக் குழியில் அழுக்கு சேருமாம். சீவி முடித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன், இணைப்பு எங்கே என்று தெரியவில்லை.

மொத்தம் ஒன்பது ராத்திரி ஆனது. இப்போது ஆக்சிஜன் சிலிண்டரோடு கட்டிலை ஒரே ஆள் தள்ளிக்கொண்டு போகிறார். லிஃப்ட் வாசலில் மட்டும் அலுமினியப் பட்டையில் சக்கரம் இன்னும் லேசாகத் தட்டுகிறது. தட்டையான பட்டை வாங்கி வைத்திருக்கிறோம், லிஃப்ட் பராமரிப்புக்கு நிற்கும் அன்று மாற்றவேண்டும்.