மெற்றல் டிடெக்டர்: இங்கத்தை வயலும் ஊர்ச் செம்மண்ணும்

இங்கிலாந்தில் கோதுமை அறுவடை முடிந்து அடுத்த விதைப்பு வரும் வரைக்கும், ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில், தாள் மட்டும் நிற்கிற வயல்களில் மெற்றல் டிடெக்டர் மெஷினும் ஹெட்போனுமாக மெல்ல நடக்கிற ஆட்களைக் காணலாம். பழங்காசு தேடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து குடியேறி, தோட்டத்தையும் மண்வெட்டியையும் மறக்காத ஆட்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. ஆனால் மெஷின் வாங்க முதல் அனுமதி வாங்கவேணும்.

இங்கே சொந்தக்காரர் இல்லாத காணி கிடையாது. கமக்காரரிடம் நேரே போய்க் கேட்டு, எழுத்தில் வாங்குங்கோ. அவர் குத்தகைக்குச் செய்பவரென்றால் காணிச் சொந்தக்காரரின் சம்மதமும் தேவை. கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதையும் அதே தாளில் எழுதிவிட்டால் பிறகு மனத்தாங்கல் வராது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் சம்மதமில்லாமல் மெஷினைப் பாவிப்பதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஒரு பிடி மண்ணும் கிண்டாவிட்டாலும்.

கொயிலை, அதாவது மெஷினின் அடியில் உலோகத்தை உணர்கிற தட்டை, நிலத்துக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மேலே, மட்டமாகப் பிடிக்கவேணும். வீச்சு முடியும் இடத்தில் கை தானாக உயரும். அங்கேதான் ஆழத்தில் கிடப்பது தப்பும். ஒவ்வொரு வீச்சும் முந்தினதில் பாதியை மூடினால் இடைவெளி விடாது. தனிக் காசொன்றை இருபது சென்ரிமீற்றருக்குக் கீழே சாதாரண மெஷின் பிடிப்பது கஷ்டம். மழை பெய்து மண் நனைந்திருந்தால் சிக்னல் தெளிவாக வரும்.

புதிதாகத் தொடங்குகிற ஆட்கள் இரும்புச் சத்தத்தை அடக்க, வேண்டாத உலோகத்தை ஒதுக்குகிற டிஸ்கிரிமினேஷனைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அப்படிச் செய்தால் துருப்பிடித்த ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கிற வெள்ளிக் காசும் சேர்ந்து மறைந்துவிடும். இன்னொரு சிக்கல், சிகரெட் பெட்டி ஈயப் பேப்பரும் பியர் ரின்னைத் திறக்கிற வளையமும் மெஷின் திரையில் காட்டுகிற இலக்கத்தையே மெல்லிய பொன் மோதிரமும் வெட்டுண்ட வெள்ளிக் காசும் காட்டும். திரையைப் பார்த்து இது குப்பை என்று தீர்மானிக்க ஏலாது. கிண்டித்தான் பார்க்கவேணும்.

புல்லுத் தரையில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நாலாம் பக்கத்தை வேரோடு விட்டுக் கதவு திறப்பதுபோல் புரட்டுங்கோ. சிக்னல் கேட்ட புள்ளியிலிருந்து ஒரு கையகலம் தள்ளியே மண்வெட்டி இறங்கவேணும், இல்லையென்றால் காசின் முகத்தில் வெட்டு விழும். கிண்டிய மண்ணைப் பிளாஸ்ரிக் சீற்றில் குவித்து, முதலில் புரட்டிய கட்டியைக் கொயிலால் சோதியுங்கோ. பல நேரம் சாமான் அதற்குள்ளேதான் ஒட்டியிருக்கும். திருப்பி மூடி மிதித்துவிட்டு வாருங்கோ. திறந்த கிடங்கில் ஒரு ஆட்டின் கால் முறிந்தால் அந்தக் காணிக்குள் இனி ஒருவருக்கும் அனுமதி கிடைக்காது.

நடுக்கால வெள்ளிப் பென்னி பதினெட்டு மில்லிமீற்றர் அகலம்தான், ஒன்றரைக் கிராமும் வராது. விரலால் மண்ணைத் தேய்க்கவே கூடாது. மணல் உரசினால் அரசன் பெயரும் அச்சடித்த ஊரின் பெயரும் போய்விடும். ஒட்டிய மண்ணோடே சின்னப் பையில் போட்டு, கிடைத்த இடத்தின் வரைபடக் கட்ட இலக்கத்தை (grid reference) அந்த இடத்திலேயே எழுதவேணும். ஆறு இலக்கம் நூறு மீற்றர்க் கட்டத்தைக் காட்டும், எட்டு இலக்கம் பத்து மீற்றருக்குள் கொண்டுவரும். குறைந்தது எட்டு இலக்கம் வேணும். மாவட்டத்தில் உள்ள கண்டெடுப்புத் தொடர்பு அலுவலர் அதைப் பதிந்து தருவார். முந்நூறு வருடம் கடந்து, பத்து வீதத்துக்குக் குறையாத பொன்னோ வெள்ளியோ உள்ள, காசல்லாத பொருளையும், அப்படியான காசுகள் ஒரே இடத்தில் இரண்டோ மேலோ கிடைத்தால் அவற்றையும், 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பதினான்கு நாளுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு (coroner) அறிவிக்கவேணும்.

இவ்வளவும் பழகின பிறகு, லீவுக்கு ஊருக்குப் போகும்போது மெஷினைப் பெட்டிக்குள் வைக்க ஆசை வரும். வைக்காதேங்கோ.

இலங்கையில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி நிலத்துக்குள் கண்டெடுக்கப்படாமல் கிடக்கிற தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் சொந்த வளவிலும் தொல்பொருள் தேடிக் கிண்டக் கூடாது. கமக்காரரின் கையெழுத்து இங்கே தருகிற உரிமையை அங்கே உறுதிக்காரரின் சம்மதம் தராது. ஸ்கானரோடு புதையல் தோண்டப் போய்ப் பிடிபட்ட செய்தியை ஊர்ப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறோம்.

சட்டத்தை விடுங்கோ, மண்ணைப் பாருங்கோ. இரும்பு ஒட்சைட்டு நிறைந்த செம்மண்ணே மெஷினுக்கு இரைச்சல். அதற்கு மேலே செல் சிதறல்களும் ரவைக் கோதுகளும். பித்தளைக் கோது காசைப்போலவே நல்ல உயர்ந்த சத்தம் தரும். போர்முனையாக இருந்த முகமாலைப் பக்கத்தில் மிதிவெடி அகற்றுகிற ஆட்கள் முழங்காலில் இருந்து ஒவ்வொரு சாணாக நகருவதற்குக் காரணம் இருக்கிறது: பிளாஸ்ரிக் உடம்புள்ள மிதிவெடியில் உலோகம் மிகக் கொஞ்சம். காசு தேடும் மெஷின் அதைக் குப்பையென்று தள்ளிவிடும், அல்லது நல்ல சிக்னல் என்று கிண்ட வைக்கும். இரண்டும் உயிருக்கு ஆபத்து.

இன்னொரு இழப்பும் உண்டு. 1980இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் எடுத்த முத்திரை பெருங்கற்காலப் புதைகுழி அகழ்வில் வந்தது. எந்தக் குழி, பக்கத்தில் என்ன என்று எழுதி வைத்தபடியால்தான் அது வரலாறாக நிற்கிறது. யாழ்ப்பாணத்தின் இன்னொரு தொல்லிடமான கந்தரோடையிலிருந்து கைமாறிப் போன காசுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நந்தியும் ‘சேது’ என்ற எழுத்தும் பொறித்த ஆரியச்சக்கரவர்த்திகளின் செப்புக் காசு ஒன்றை இடம் தெரியாமல் விற்றால், யாழ்ப்பாண அரசு பற்றி அது சொல்லக்கூடியதில் பெரும்பங்கு அன்றே போய்விடும்.

கிணறு வெட்டும்போதோ மரவள்ளி கிண்டும்போதோ தானாக ஒன்று வெளிப்பட்டால் வேலையை அந்த இடத்தில் நிற்பாட்டச் சொல்லுங்கோ. பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுத்த படம், மேலிருந்து எத்தனை அடி, கூடக் கிடந்த ஓட்டுத் துண்டு, மண்ணின் நிறம், இவ்வளவும் போதும். கழுவாமல், புளி போட்டு மினுக்காமல், தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கோ. வெளிப்பட்டது செல்லோ வெடிபொருளோ என்று சந்தேகம் வந்தால் படம் எடுக்கவும் கிட்டப் போகாமல், வந்த காலடித் தடத்திலேயே திரும்பிவந்து பொலிசுக்குச் சொல்லவேணும்.