ஷட்டில் கோர்ட்டுக்கு ஓடிபி வைக்கப் போய்...

இரண்டு ஷட்டில் கோர்ட் வைத்திருக்கிறேன். ஆன்லைன் புக்கிங்குக்கு சாஃப்ட்வேர் வாங்கி, நேரம், கட்டணம் எல்லாம் ஒரே சாயங்காலத்தில் ஏற்றி முடித்தாயிற்று. ஆடுகிறவர்கள் எப்படி உள்ளே நுழைய வேண்டும் என்று ஒரு பக்கம் கேட்டது, அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் போட்டுக் கணக்குத் தொடங்கலாம், கணக்கே இல்லாமல் பெயரும் நம்பரும் மட்டும் கொடுக்கலாம், அல்லது மொபைலுக்கு ஓடிபி. பாஸ்வேர்டை உடனே தள்ளிவிட்டேன். விடியற்காலை பேட்ச்சில் பாதிப் பேர் ரிட்டயர் ஆனவர்கள். "தம்பி, மெயில் ஐடி எல்லாம் பையன் போட்டுக் குடுத்தது" என்பார்கள். கணக்கில்லாத வழியைக் கொஞ்ச நாள் திறந்து விட்டதில், ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோர்ட்டையும் எவரோ வாய்க்கு வந்த நம்பரைப் போட்டுப் பிடித்துவிட்டு வரவே இல்லை, நேரில் வந்து கேட்டவர்களை நான் திருப்பி அனுப்பியதுதான் மிச்சம். சரி, ஓடிபி.

எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி, எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனங்களுக்கான டிஎல்டி என்கிற பதிவேட்டில் பதிந்தாக வேண்டும். ஏதாவது ஒரு தொலைபேசி நிறுவனத்தின் போர்டலில் பதிந்தால் போதும். நான் ஜிஎஸ்டியோடு 5,900 ரூபாய் கட்டினேன். பான், தொழில் சான்று, லெட்டர்பேடில் சீல் வைத்த கடிதம் கேட்டார்கள். பான் என் பெயரில், போர்டும் லெட்டர்பேடும் கோர்ட் பெயரில். "பெயர் பொருந்தவில்லை", நிராகரிப்பு. சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், நமக்கு அவ்வளவு இல்லை, அதனால் இரண்டு பெயரையும் சேர்த்துக் காட்ட என்னிடம் ஒரு தாளும் கிடையாது. உதவி எண்ணில் பேசினால் "ரிமார்க் பாருங்க சார்". ரிமார்க்கில் இருப்பதே அந்த இரண்டு சொல்தான். வேறு எதைக் கொடுக்கலாம் என்று கேட்டால் "சரியான ஆவணம் குடுங்க சார்". எது சரி என்பதை மட்டும் கடைசி வரை சொல்லவில்லை!

சொன்னது ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் பெண். "உத்யம் எடுத்துருங்க அண்ணா, அதுல உங்க பேரும் நிறுவனத்து பேரும் ஒண்ணா வரும்." உத்யம் என்றால் சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு. ஆதாரும் பானும் இருந்தால் இலவசம். தேடினால் காசு கேட்கிற தளங்களும் வரும், அரசு முகவரிதானா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். அந்தச் சான்றை ஏற்றியதும் பதிவு கிடைத்தது.

எஸ்எம்எஸ்ஸில் அனுப்புநர் பெயராக வரும் ஆறெழுத்து ஹெட்டர் சிக்கலில்லாமல் கிடைத்தது. அனுப்பப் போகும் வாசகத்துக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும், அந்த டெம்ப்ளேட்டில் திரும்ப இடி. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அதிலும் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும், "வணக்கம்" என்றாலே ஏழு போய்விடும். மரியாதையாக நாலு வார்த்தை எழுதினால் இரண்டு எஸ்எம்எஸ் காசு. வணக்கத்தை வெட்டி ஒப்புதல் வாங்கி, சோதித்துப் பார்த்தால் ஓடிபி வரவே இல்லை. பிழை என்றும் காட்டவில்லை, பேலன்ஸ் மட்டும் குறைந்துகொண்டே போனது. ஒப்புதல் வாங்கிய வாசகத்தின் நடுவே சாஃப்ட்வேர் ஓர் இடைவெளியைக் கூடுதலாகச் செருகியிருக்கிறது. அந்த ஓர் இடைவெளி பொருந்தாவிட்டாலும் வழியிலேயே தடுத்துவிடுவார்கள். வாசகத்தைக் கையால் டைப் அடிக்காதீர்கள், போர்டலிலிருந்து அப்படியே காப்பி எடுங்கள், சோதனையையும் கொஞ்சம் பேலன்ஸ் போட்டே செய்யுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு சாஃப்ட்வேர்காரர் சாவகாசமாகச் சொல்கிறார், மாதக் கட்டணம் கொடுத்தால் அவர்களுடைய ஹெட்டரிலேயே ஓடிபி அனுப்புவார்களாம், நான் எதையும் பதிய வேண்டியிருக்காதாம். "யாரும் கேக்கலையே சார்!" நீங்கள் வாங்கும் முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

இப்போது முதல் தடவை மட்டும் ஓடிபி, அப்புறம் அந்த போனை நினைவில் வைத்துக்கொள்ளும். வார இறுதிக்கு யுபிஐயில் முன்பணம். லீவுக்கு சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களின் நம்பருக்கு நம்ம எஸ்எம்எஸ் போவதில்லை, அவர்களுக்கு நானே புக் செய்து கொடுக்கிறேன். ஒரு நம்பருக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம்தான் என்று வரம்பும் வைத்தேன். ஒரு கோச் தன் மனைவி நம்பரிலும் மச்சான் நம்பரிலும் ஓடிபி வாங்கி நாலைந்து மணி நேரம் பிடித்துக்கொள்கிறார். முன்பணம் ஒழுங்காக வந்துவிடுகிறது, நான் கண்டுகொள்வதில்லை.