தாய்க்கு ஏன் வரவில்லை?

"தாயும் அதே மண்ணில்தானே மேய்கிறாள், டாக்டர்? அவளுக்கு ஏன் இந்த நிமோனியா வரவில்லை?" குதிரை லாயத்தைக் கவனித்துவரும் பெரியவர் இதைக் கேட்டபோது குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் மறந்திருப்பேன்.

குட்டி பிறந்த மறுநாள் அதன் ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள், அதாவது நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதம், டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராம்தான் இருந்தது. 800-க்கு மேல் என்றால் நிம்மதி. 400-க்குக் கீழ் என்றால் யோசிக்காமல் பிளாஸ்மாவை, அதாவது எதிர்ப்பொருள் நிறைந்த ரத்தத் திரவத்தை, ஏற்றிவிட வேண்டியதுதான். இடையில் நின்றால்தான் சங்கடம். குட்டியோ துள்ளித் திரிந்தது. பெரியவர் பிளாஸ்மா வேண்டாம் என்றார். ஆனால் ஈனுவதற்கு முன்பே மடியிலிருந்து பால் சொட்டியதைச் சொன்னவரும் அவர்தான். நல்ல சீம்பால் தரையோடு போயிருந்தது. குதிரையின் நஞ்சுக்கொடி எதிர்ப்பொருள்களைக் கருவுக்குக் கடத்துவதில்லை. சீம்பால் தருவதுதான் குட்டியின் முதல் இருப்பு. அதை அப்படியே உறிஞ்சும் திறனையும் குடல் 24 மணி நேரத்துக்குள் இழந்துவிடும். "பாதுகாப்புக்காக ஏற்றித்தான் ஆகவேண்டும்" என்று பிடிவாதமாக நின்றேன். ஏற்றினோம். அளவும் 800-ஐத் தாண்டியது.

இரண்டாம் மாதத்தில் நிமோனியா வந்தது. காரணம் ரோடோகாக்கஸ் ஈக்வி.

அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. தாயும் அதைத்தான் சுவாசிக்கிறாள். நுரையீரலின் விழுங்கணுக்கள் கிருமியை விழுங்கியதும், அதைக் கொல்லும்படி அவற்றைத் தூண்டும் இன்டர்ஃபெரான் காமா அவள் உடலில் தாராளமாகச் சுரக்கிறது. பிறந்து சில வாரங்களே ஆன குட்டியிடம் அது குறைவு. அதனால் விழுங்கப்பட்ட கிருமி உள்ளேயே பிழைத்துப் பெருகுகிறது. அணுவுக்குள் ஒளிந்த கிருமியை எதிர்ப்பொருள் எட்டாது. போதாததற்கு, தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் கரையத் தொடங்கி, குட்டியின் சொந்த உற்பத்தி இன்னும் போதிய அளவுக்கு வளராத பருவம் அது.

இதையெல்லாம் பெரியவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் அன்று ஏற்றியது எதற்கு?" என்றார்.

முதல் நாட்களில் ரத்தத்தில் தொற்றுப் பரவிவிடாமல் இருப்பதற்காக என்றேன். "ஏற்றாவிட்டால் பரவியிருக்குமா?"

பரவியிருக்கலாம். பரவாமலும் போயிருக்கலாம். தடுத்த நோயைக் கண்ணில் காட்ட முடியாதே. வந்த நோயோ அவர் கண்முன்னே இருமிக்கொண்டிருந்தது.

பல வார மருந்துக்குப் பின் குட்டி தேறிவிட்டது. ஆனாலும் அந்த உரையாடலை மனத்துக்குள் மீண்டும் மீண்டும் நடத்திப் பார்க்கிறேன். "பாதுகாப்பு" என்று நான் சொன்னது பொய்யல்ல. அவர் காதில் அது எவ்வளவு நீண்ட காலத்துக்கான உறுதியாக விழுந்திருக்கும் என்பதுதான் உறுத்துகிறது. பிறகு, அவ்வளவையும் அன்றே விளக்கியிருந்தால் அவர் சம்மதித்திருப்பாரா என்றும் கேட்டுக்கொள்கிறேன். சம்மதிக்க வைப்பது மட்டுமா என் வேலை?

சுத்தமான லாயத்தில், சுறுசுறுப்பான குட்டிக்கு 500 என்ற அளவு வந்தால், பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம் என்று சக மருத்துவர்கள் சொல்வதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தாயின் மடி முன்கூட்டியே சொட்டியது என்று தெரிந்தால் நான் இன்றும் ஏற்றத்தான் சொல்வேன்.