ஊசி போட்டும் கரையாத கட்டி

கர்ப்பப்பைக் கட்டியான ஃபைப்ராய்டு என்றதும் நம் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி, “ஆப்பரேஷன் இல்லாம கரையுமா டாக்டர்?” நானும் அதைத்தான் கேட்டேன். வயது 46. ஸ்கேனில் கர்ப்பப்பைச் சுவருக்குள் 6 சென்டிமீட்டர் கட்டி. தீட்டு வந்தால் வாரம் தாண்டியும் நிற்காது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை, எனக்கு 8.4. இரும்புச்சத்து மாத்திரையும், ரத்தம் அதிகம் போகும் நாள்களுக்கு டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

பக்கத்து வீட்டு அக்காதான் பினாங்கு ஜார்ஜ்டவுனில் அக்குபங்சர் ஊசி போடும் சின்சே (சீன வைத்தியர்) ஒருவரைப் பற்றிச் சொன்னது. அவருக்கு அங்கே முட்டிவலி போனதாம். “முட்டியும் கர்ப்பப்பையும் ஒண்ணா?” என்றார் என் வீட்டுக்காரர். ஆசை யாரை விட்டது! டாக்டரிடமே கேட்டேன். “போங்க, ஆனா மாத்திரையை நிறுத்தாதீங்க. கஷாயம் கொடுத்தா எனக்குக் காட்டாம குடிக்காதீங்க” என்றார். பினாங்கிலேயே கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் 2007 முதல் பாரம்பரிய மருத்துவப் பிரிவு உண்டு. ஆனால் அங்கே அக்குபங்சர் செய்வது நாள்பட்ட வலிக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும்தான். அதனால் தனியாரிடம் போனேன்.

சின்சே இரண்டு கையிலும் நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார். “டாரா பாஞாக்?” (ரத்தம் அதிகமா?) என்று மலாயில் கேட்டார். தலையாட்டினேன். என் கண்ணெதிரே புது பாக்கெட்டைப் பிரித்துத்தான் ஊசியை எடுத்தார். இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். தொப்புளுக்குக் கீழே சில, முழங்காலுக்குக் கீழே, பிறகு உள்கணுக்காலுக்கு நாலு விரல் மேலே. குத்தும்போது எறும்புக்கடி மாதிரிதான். ஊசியை மெல்லத் திருகியபோதுதான் உள்ளே கனத்து, பாதம்வரை ஓர் இழுப்பு ஓடியது. அந்தக் கனம் வந்தால்தான் ஊசி சரியாக இறங்கியிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. வயிற்றுக்கு மேலே ஒரு சூட்டு விளக்கைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன்.

சில மாதம் விடாமல் போனேன். வயிற்றுவலியும் இடுப்புவலியும் நன்றாகவே குறைந்தன, தூக்கமும் வந்தது. ரத்தப்போக்கும் கொஞ்சம் மட்டுப்பட்டது, ஆனால் அதை நான் மாத்திரையின் கணக்கில்தான் எழுதுவேன். மறு ஸ்கேனில் கட்டி அப்படியே இருந்தது.

எனக்கு ஆச்சரியமில்லை. இந்தக் கட்டி ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களைத் தின்று வளர்வது. மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் தானே சுருங்கும். ஊசி அதைக் கரைக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் கொக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 2010-இல் தேடிப் பார்த்தபோது, அவர்களுடைய தகுதிக்குத் தேறிய ஆய்வு ஒன்றுகூட இல்லை. வலிக்காகப் போவதானால் தாராளமாகப் போகலாம் என்பேன். கட்டி கரையும் என்று காசைக் கொட்டுவதானால் வேண்டாம். அதிலும் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போது டாக்டரை விட்டுவிட்டுப் போவது ஆபத்து.

மாதவிடாய் நிற்கும்வரை காத்திருக்க என் உடம்பில் ரத்தம் இல்லை. பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். சூலகத்தை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மட்டும் எடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். முதலில் ஹீமோகுளோபின் ஏற வேண்டும், அதற்குப் பிறகுதான் தேதி. சின்சேயிடமும் சொன்னேன். கோபப்படவில்லை. தையல் ஆறும்வரை ஊசி வேண்டாம், அதற்குப் பிறகும் இடுப்பு வலித்தால் வா என்றார்.